ஐம்பத்திரண்டு வினாடி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் ரோனா ஹால்வர்சனை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? சமையலறை மேஜையில், ஆறிப்போன காபிக்கு முன்னால், வக்கீல் அனுப்பிய ஒற்றைத் தாளோடு. நமக்கு நடுவில் ஏழு நாள் ஓடிவிட்டது. அவளுக்கு இன்னும் அதே வெள்ளிக்கிழமை காலைதான், அதே காபிதான்.

இந்தக் குடும்பத்துக்குள் புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை. லைல் ஹால்வர்சன் அமெரிக்காவின் விஸ்கான்சினில் வீட்டைச் சூடாக்கும் உலைகள் விற்பவர். பதினோரு கடைக்குச் சொந்தக்காரர். குளிர்காலம் வந்தால் உள்ளூர் டி.வி.யில் பனியை வாரிப் போட்டுக்கொண்டே, "எந்த நேரமும் கூப்பிடுங்க, நான் வர்றேன்" என்று சிரிப்பார். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாஷிங்டனில் கூடும் நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் பதவிக்கு நின்றார். முதல் முறை ஒன்பதாயிரம் வாக்கில் தோற்றார்.

இரண்டாம் முறை, எதிராளி கார்ல்டன் ரீஸோடு மேடையில் விவாதம் செய்த அதே இரவில், அவருடைய ஒரே மகன் எரிக், மார்லோ என்ற ஊர் வழியாகப் போகும் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான். பத்து நாள் கழித்து ரீஸ் தரப்பிலிருந்து ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டிக்கும் ஒரு துண்டறிக்கை வந்தது. 'எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்பவரை, அழைத்துப் போக வரச் சொல்லி அவர் மகனே நான்கு முறை கூப்பிட்டான். தெரிந்தும் அவர் போகவில்லை.'

அந்தத் தேர்தலில் லைல் ஆயிரத்து நூறு வாக்கில் தோற்றார். மறுநாளே ரீஸ் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். இப்போது மூன்றாம் முறையாக நிற்கிறார். வழக்கும் கூடவே நடக்கிறது.

ரோனாவின் கையில் இருந்த தாளுக்கு வருவோம். அது தொலைபேசி நிறுவனம் கொடுத்த பட்டியல். இரண்டு வருடத்துக்கு முந்தைய அக்டோபர் பதினேழு. எரிக்கிடமிருந்து லைலுக்கு நான்கு அழைப்பு. மூன்றுக்கு நேராகப் பூஜ்யம். நான்காவது, ஏழு நாற்பத்தெட்டுக்கு வந்தது. அதற்கு நேராக ஐம்பத்திரண்டு வினாடி என்று போட்டிருந்தது.

பக்கத்தில் வக்கீல் பிரூயிட் பென்சிலால் கேட்டிருந்தார்: 'யார் எடுத்தது?'

நான்கு அழைப்பு வந்தது ஊருக்கே தெரியும். ஷெரிப் அலுவலகத்துப் போலீஸ் அறிக்கையிலேயே இருந்தது. ஒன்றை யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது. ரோனாவுக்கு மட்டும் அது புதிதில்லை.

"என்ன ரோ, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

லைல் டையை முடிந்துகொண்டே வந்தார். வயது அறுபத்திரண்டு. நல்ல உயரம், டி.வி.க்கென்றே வளர்த்த மாதிரி வெள்ளைத் தலைமுடி.

"பிரூயிட் அனுப்பினதைப் பார்த்தியா லைல்?"

"பார்த்தேன். கம்பெனிக்காரன் கோளாறு. வாய்ஸ் மெயில் ஓடியிருக்கும், அதையும் பேசினதா எழுதி வெச்சிருப்பான்."

"வாய்ஸ் மெயில்ல எதுவும் இல்லையே."

"அதான் கோளாறுங்கறேன்." அவர் அவளுடைய காபியையே எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நீ ஏன் இதைப் போட்டு உழப்பிக்கறே? உன்னை ஒரு மணி நேரம் கேள்வி கேப்பாங்க. தெரிஞ்சதைச் சொல்லப் போறே. அவ்வளவுதான்."

இன்று ரோனாவின் முறை. எதிர்த்தரப்பு வக்கீல் முன்னால் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். லைல் போன வாரமே கொடுத்துவிட்டார். 'ஷெரிப் வந்து கதவைத் தட்டும் வரைக்கும் என் மகன் கூப்பிட்டதே எனக்குத் தெரியாது' என்று அவர் சொன்னது பதிவாகிவிட்டது. இந்தப் பட்டியல் வரவேண்டியிருந்ததால் அவர் விசாரணையை முடிக்காமல் வைத்திருந்தார்கள்.

மகள் கிரெட்டா உள்ளே வந்தாள். முப்பத்து மூன்று வயது. அப்பாவின் தேர்தல் வேலை முழுக்க அவள் தலையில். இரண்டு கையிலும் இரண்டு போன்.

"அம்மா, அந்த மஞ்சள் வேணாம். நீல ஜாக்கெட்டைப் போடு. வீடியோ எடுப்பாங்க. ரீஸ் ஆளுங்க அதை வெட்டி விளம்பரத்துல போட்டாலும் போடுவானுங்க."

"துக்கத்துக்கு எந்தக் கலர் எடுப்பா இருக்கும் கிரெட்டா?"

"நீலம்தான்," என்றாள் கிரெட்டா, போனிலிருந்து தலை நிமிராமல். பிறகுதான் அம்மா கேட்டது உறைத்தது. "நான் அப்படிச் சொல்லலைம்மா."

"தெரியும், போ. நீலத்தையே போட்டுக்கறேன்."

நகரத்துக்கு மார்லோ சாலை வழியாகப் போனால் அரை மணி நேரம்தான். லைல் இரண்டு வருடமாகக் காரை அந்தப் பக்கம் திருப்பியதே இல்லை. ஏரியைச் சுற்றிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் ஓட்டுவார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. அவர் மகன்மேல் பாசம் இல்லாதவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாசம் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை, கொண்டுபோய் வழக்கில் வைத்துவிட்டார்.

வழியெல்லாம் புல்வெளிகளில் தேர்தல் பலகைகள். லைல் எண்ணிக்கொண்டே ஓட்டினார்.

"நமக்கு ஒம்பது, ரீஸுக்கு ஏழு. கண்டர்சன் வீட்டைப் பாரு, ரெண்டு பேர் போர்டும் இருக்கு. புருஷன் நமக்கு, பொண்டாட்டி அவனுக்கு. சாப்பாடு எப்படித்தான் இறங்குதோ அந்த வீட்டுல!"

யாரும் சிரிக்கவில்லை. காரின் ஒலிபெருக்கியில் அழைப்பு மணி வந்தது. பிரூயிட்.

"லைல், தொலைபேசிக் கம்பெனியில கேட்டுட்டேன். வாய்ஸ் மெயில் இல்லையாம். ஒரு ஆள்தான் எடுத்துப் பேசியிருக்கு. நீங்க மேடையில இருந்தப்ப போன் யார் கையில இருந்துச்சு?"

"என் போன் எப்பவும்..." என்று ஆரம்பித்த லைல் நிறுத்திக்கொண்டார்.

மேடை ஏறுவதற்கு முன் போனை எடுத்து ரோனாவிடம் கொடுப்பது அவர் வழக்கம். முதல் தேர்தலில் பேச்சுக்கு நடுவில் கோட்டுப் பையில் மணி அடித்துக் கூட்டமே சிரித்ததிலிருந்து வந்த வழக்கம்.

தூண்டில் புழு விற்கும் கடை ஒன்று வந்தது. லைல் அதன் முன்னால் காரை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினார். "லைன்ல இருக்கீங்களா லைல்?" என்று கேட்டுக்கொண்டிருந்த பிரூயிட்டையும் நிறுத்தினார்.

"ரோ, போன் உன் பையிலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"அப்படின்னா..."

"நான்தான் எடுத்தேன் லைல்."

இந்த வார்த்தையைச் சொல்ல அவள் இரண்டு வருடமாக ஒத்திகை பார்த்திருந்தாள். குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, தேவாலயத்தில் மற்றவர்கள் பாடும்போது. கத்துவார் என்று நினைத்திருந்தாள். காரை விட்டு இறங்கு என்பார் என்று நினைத்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் நன்றி சொல்லிக்கொண்டே இறங்கியிருப்பாள்.

லைல் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. ரோனா அவர் முதுகைத் தொடக் கையை நீட்டினாள். இப்போது கேட்பார், பையன் என்ன சொன்னான் என்று கேட்பார். அவளிடம் அந்த ஐம்பத்திரண்டு வினாடியும் ஒரு வார்த்தை குறையாமல் இருந்தது.

"அப்போ நான் எடுக்கலை," என்றார் லைல்.

நிமிர்ந்தார். கண் நனைந்திருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது வேறு. வாக்கு எண்ணும் இரவில் முதல் ஊர் முடிவு சாதகமாக வரும்போது அவர் முகம் இப்படித்தான் மலரும்.

"புரியுதா ரோ? 'தெரிந்தும்'னு எழுதினானுங்க. எனக்குத் தெரியாது! போன் உன்கிட்ட இருந்துச்சு, எடுத்தது நீ, எங்கிட்ட நீ சொல்லலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அப்பா..." என்றாள் பின் இருக்கையிலிருந்து கிரெட்டா.

"இரும்மா." அவர் ரோனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இதை அப்படியே சொல்லு. உன்னை ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அழுகை வந்தா அழு, பரவாயில்லை. என் பேரைக் காப்பாத்திட்டே ரோ."

"உனக்கு எம்மேல கோவம் வரலையா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." அவர் ஏற்கெனவே பிரூயிட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் எரிக் சம்பந்தப்பட்டது எல்லாமே அப்புறம்தான். அவன் அறையை ஒழிப்பது அப்புறம். அவன் பூட்ஸை யாருக்காவது கொடுப்பது அப்புறம். கல்லறையில் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும், அதுவும் தேர்தலுக்கு அப்புறம்.

கார் கிளம்பியது. லைல் பிரூயிட்டிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டே ஓட்டினார். கிரெட்டா முன் இருக்கைப் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்கு இடைவேளையில தண்ணி குடிக்கப் போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டு எழுந்து போனே."

"ஆமா கிரெட்டா."

"நான் சீக்கிரம் வான்னு சொன்னேன். அதைக்கூடச் சொன்னேன்."

கிரெட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நகரம் வரும்வரை திரும்பவே இல்லை.

வக்கீல் அலுவலகம் ஒரு வங்கிக்கு மாடியில். நீள மேஜை, ஒரு காமிரா, தண்ணீர்க் குடுவை, ஒரு கிண்ணம் நிறைய புதினா மிட்டாய். நீதிபதி கிடையாது. ஒரு அம்மாள் சின்ன இயந்திரத்தில் எல்லாவற்றையும் தட்டெழுதிக்கொண்டிருந்தாள். எதிராளி ரீஸ் வரவில்லை. அவர் வாஷிங்டனில் இருந்தார். அங்கே உட்காருவதற்குத்தானே இத்தனை சண்டையும்.

வாசலில் பிரூயிட் ரோனாவை ஓரமாக அழைத்துப் போனார். குள்ளமான, அவசரக்கார மனிதர்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மிஸஸ் ஹால்வர்சன். நீங்களா எதையும் நீட்டாதீங்க. ஞாபகம் இல்லாததுக்கு 'ஞாபகம் இல்லை'. அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லி யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை."

ரீஸின் வக்கீல் பெயர் அடேல் கோவாக். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி ஒரு சங்கிலியில் தொங்கியது. பேச்சில் காரம் இல்லை. அதுதான் ரோனாவுக்குப் பயமாக இருந்தது. சத்தியம் செய்து முடித்ததும் அந்தப் பட்டியலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நாலாவது அழைப்பு. இதை எடுத்தது யாருன்னு தெரியுமா?"

"நான்தான்."

கோவாக் இதை எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. லைல் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லத் தலையாட்டினார், பள்ளிக்கூட மேடையில் குழந்தை ஒழுங்காகப் பாட்டுச் சொல்லும்போது பெற்றவர்கள் ஆட்டுகிற மாதிரி.

"எங்கே வெச்சு எடுத்தீங்க?"

"பள்ளிக்கூட அரங்கத்து வாசல்ல. விவாதத்துக்கு நடுவுல இடைவேளை விட்டாங்க. அப்போ."

"உங்க மகன் என்ன சொன்னார்?"

ரோனாவிடம் இரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. கேட்க அவர்களுக்குத் தெரியாது, சரி. தெரிந்த பிறகும், காரில் மீதி வழியெல்லாம் கூட உட்கார்ந்து வந்தவர் கேட்கவில்லை. ரீஸ் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற இந்தப் பெண்தான் கேட்கிறாள். அவளிடம் தனக்கு நன்றி சுரப்பதை நினைத்து ரோனாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"விடுதியில முன்னாடியே விட்டுட்டாங்கன்னு சொன்னான். குடியை நிறுத்த ஒரு விடுதியில சேர்த்திருந்தோம். அப்பா பேசறதைக் கேக்கணும்னு பஸ் ஏறி வந்திருக்கான். பஸ் மார்லோவோட நின்னுபோச்சு. பெட்ரோல் பங்க்ல நிக்கறேன், மழை பெய்யுது, யாராவது வந்து கூட்டிட்டுப் போங்கன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அங்கேயே இரு, முடிஞ்சதும் வர்றோம்னேன்."

"மார்லோ அங்கேயிருந்து இருபது நிமிஷம். நீங்களே போயிருக்கலாமே?"

"முன் வரிசையில என் நாற்காலி காலியாயிடும்."

அந்த அறையில் அதைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்கே தெரிந்தது. குடும்பம் முழுக்க முன் வரிசையில் சிரித்த முகமாக உட்கார வேண்டும், ஒரு நாற்காலி காலியாகத் தெரிந்தாலும் அன்றைய செய்தி அதுதான் என்பது கிரெட்டா போட்ட சட்டம். கிரெட்டா சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேற ஏதாவது பேசினாரா?"

இன்னொன்றும் பேசினான். அது வீட்டு விஷயம், இந்த மேஜைக்கு உரியதில்லை என்று ரோனா அதை மட்டும் மென்று விழுங்கினாள்.

"அப்பா நல்லா பேசறாரான்னு கேட்டான். ரொம்ப நல்லா பேசறார்னேன். 'ஜெயிச்சிடுவாருல்லம்மா?'ன்னு கேட்டான். மணி அடிச்சுட்டாங்க. வெச்சிட்டேன்."

"யார் வெச்சது?"

"நான்தான்."

லைலிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் மாதிரி இருந்தது, இருமல் இல்லை. கோவாக் கண்ணாடியைக் கழற்றித் தண்ணீர் குடித்தாள். இயந்திரத்தில் தட்டிக்கொண்டிருந்த அம்மாள் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை உங்க கணவர்கிட்ட எப்போ சொன்னீங்க?"

"இன்னிக்குக் காலையில."

பிரூயிட் பேனாவை மூடினார். அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது, ஜெயித்தும் ஆயிற்று.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றாள் கோவாக். "விவாதம் எத்தனை மணிக்கு முடிஞ்சுது?"

"எட்டரைக்கு."

"போனை அவர்கிட்ட எப்போ திருப்பிக் குடுத்தீங்க?"

பிரூயிட் மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார். ரோனா கணவரைப் பார்த்தாள். லைல் எதிரிலிருந்த தாளில் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தார்.

அன்று இரவு எட்டு முப்பத்தைந்து. மேடைக்குப் பின்னால், திரைக்குப் பக்கத்தில். முகத்தில் பூசிய பவுடர் வேர்வையில் கரைந்து வழிய, லைல் கையை நீட்டினார். அவள் போனை வைத்தாள். கட்டைவிரல் பட்டுத் திரையில் வந்த அழைப்புகளின் பட்டியல் ஒளிர்ந்தது. எரிக் என்ற பெயர், பக்கத்தில் நான்கு என்ற எண். ஒரு பெயரைப் படிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அதைப் பார்த்தார். "இன்னிக்கு வேணாம்" என்று கோட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

என்னவாம் என்று அவர் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முடிந்ததும் வர்றோம் என்று பையனுக்குச் சொன்னதை மென்று விழுங்கிவிட்டு, நன்கொடையாளர்களோடு சாப்பிடப் போனாள். அவன் அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு மழையிலேயே நடக்க ஆரம்பித்தான். லாரி மோதியது ஒன்பது இருபதுக்கு.

அவருக்காக அவள் மனதுக்குள்ளேயே எத்தனை முறை வாதாடியிருக்கிறாள்! களைப்பு. கண்ணில் விளக்கு வெளிச்சம். பார்த்திருப்பார், படித்திருக்க மாட்டார். அதை நம்பித்தான் அவளால் இரண்டு வருடம் அவர் பக்கத்தில் படுத்துத் தூங்க முடிந்தது.

"மேடையை விட்டு இறங்கினதும் குடுத்தேன்," என்றாள்.

"அவர் திரையைப் பார்த்தாரா?"

"ஆட்சேபம்!" என்றார் பிரூயிட். "அவர் எதைப் பார்த்தார்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இவங்க கண்ணால கண்டதைத்தான் கேக்கறேன்."

"சரி, பதில் சொல்லுங்க," என்ற பிரூயிட், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சேர்த்தார். "ஞாபகம் இருந்தா."

ஞாபகம் இல்லை. இரண்டே வார்த்தை. சொன்னால் வழக்கு ஜெயிக்கும், லைலுக்கு வாஷிங்டனும் கிடைக்கலாம். பழி முழுக்க அவளோடு போகும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதைச் சுமக்க அவள் தயாராகத்தான் இருந்தாள். காரில் அவர் ஒரே ஒரு தடவை பையனைப் பற்றிக் கேட்டிருந்தால் இப்போதும் சுமந்திருப்பாள்.

"பார்த்தார்," என்றாள் ரோனா. "எரிக் பேரு இருந்துச்சு, நாலு தடவைன்னும் இருந்துச்சு. பார்த்துட்டு, 'இன்னிக்கு வேணாம்'னார். கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டார்."

தட்டெழுத்துச் சத்தம் கொஞ்சம் பின்தங்கி வந்து, நின்றது. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. பிரூயிட் பத்து நிமிடம் ஓய்வு கேட்டார்.

வெளியே நடைவழியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் கிரெட்டா உட்கார்ந்திருந்தாள். அவள் போன் இரண்டும் மாறி மாறி அதிர்ந்தன, மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு அப்பா எப்போது வருவார் என்று கேட்டு. அவள் எடுக்கவில்லை.

லைல் ரோனாவிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லியிருக்கலாமே ரோ."

அவள் அவரையே பார்த்தாள். பொய் சொல்றே, நான் எதையும் பார்க்கலை என்று அவர் கத்தியிருந்தால், பொய்க்காரி என்ற பெயரை அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பாள்.

"அப்போ நீ படிச்சிருக்கே," என்றாள்.

லைல் சுவரில் சாய்ந்தார். டி.வி.யில் பனி வாரும் ஆள் அங்கே இல்லை. வயதான ஒருவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தார்.

"குடிச்சிட்டுக் கூப்பிடறான்னு நினைச்சேன் ரோ. எப்பவும் போல. சாப்பாட்டுல இருந்த அத்தனை நேரமும் போன் இங்க, நெஞ்சு மேலயே இருந்துச்சு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். எடுத்ததும் அதைத்தான் கேட்டேன். அவன் ஹலோ சொல்றதுக்கு முன்னாடி, 'குடிச்சிருக்கியா?'ன்னு கேட்டேன்."

லைல் சுவரை விட்டு நிமிர்ந்தார். "என்ன சொன்னான்?"

"'இல்லம்மா, இன்னியோட தொண்ணூத்தோரு நாள்'னான்."

லைல் முகத்தை மூடிக்கொண்டார். ரோனா அவரைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. கை எழும்பவில்லை.

பிரூயிட் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நிலைமையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, லைலின் முழங்கையைப் பிடித்தார்.

"விட்ட இடத்துலேர்ந்து உங்களைக் கேக்கணும்னு நிக்கறாங்க. நல்லா யோசிங்க. வழக்கை இப்பவே வாபஸ் வாங்கினா உள்ளே போகவே வேணாம். உள்ளே போனா ரெண்டுல ஒண்ணு. போன வாரம் நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்யாகணும். இல்ல, இன்னிக்கு இவங்க சொன்னது பொய்யாகணும்."

"வாபஸ் வாங்கினா ரீஸ் சொன்னது நிஜம்னு ஆயிடும்," என்றார் லைல், பழக்க தோஷத்தில்.

அவரே சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

கிரெட்டா எழுந்தாள். அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். சின்ன வயதில் அடி வாங்கப்போகிற தம்பிக்காக இப்படித்தான் வந்து நிற்பாள்.

"அப்பா, தேர்தல்ல நிக்கறியோ விலகறியோ, எனக்கு அதைப் பத்திக் கவலையில்லை. அம்மா பொய் சொல்றாங்கன்னு மட்டும் சொல்லிடாதே."

லைல் கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்தார். டையைத் தளர்த்தினார். பிரூயிட்டின் பிடியிலிருந்து முழங்கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

ரோனா காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். கிரெட்டா குனிந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். உள்ளே கோவாக் ஏதோ கேட்பது மெல்லக் கேட்டது. லைலின் பதில் வருவதற்குள், இரண்டு வருடத்தில் முதல் முறையாக, ரோனா வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.